நடுத்தண்டில் ஒரு சக்கரம்

திங்கட்கிழமை காலை அச்சுப்படி வந்தது. அப்போது போன நிம்மதி பசையக்காவுக்கு வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் திரும்பவில்லை. அதற்குப் பிறகும் முழுசாகத் திரும்பியது என்று சொல்ல முடியாது.

பசையக்கா என்பது ஹெர்பேரியத்தில் அவளுக்கு விழுந்த பெயர். எங்கெங்கிருந்தோ பிடுங்கிவந்து, அழுத்திக் காயவைத்த செடிகளைக் கெட்டித்தாளில் ஒட்டி, மூலையில் விவரச் சீட்டு வைத்து, அலமாரியில் அடுக்கிப் பாதுகாக்கும் இடம் அது. மூன்றாவது மாடி முழுக்க இரும்பு அலமாரிகள். கதவைத் திறந்தால் பூச்சிமருந்து நெடி மூக்கில் ஏறும். அங்கே இருபத்தாறு வருஷமாகச் செடி ஒட்டுவது அவள் கை. ஒட்டிய செடி இன்னது என்று பார்த்துச் சொன்னது அவள் கணவர். அவர் போய் எட்டு மாதம் ஆகிறது.

அச்சுப்படியை எடுத்துக்கொண்டு வந்தது பூதக்கண்ணாடி. கழுத்தில் எந்நேரமும் லென்ஸ் ஒன்று தொங்குவதால் அந்தப் பெயர். கணவரிடம் பத்து வருஷம் வேலை கற்று, இப்போது அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவள்.

"அக்கா, பசைக் கையோட தொடாதீங்க. துடைச்சுட்டு வாங்க. இதைப் பாருங்க முதல்ல."

"என்ன மேடம்?"

"சார் பேர். லத்தீன்ல."

கணவர் கடைசியாக எழுதிய கட்டுரை அது. மஞ்சள் பூப் பூக்கும் ஒரு நீர்ச்செடி, இதுவரை யாரும் விவரிக்காதது. முக்கால்வாசி அவர் எழுதி வைத்திருந்தார். மிச்சத்தைப் பூதக்கண்ணாடி முடித்தாள். அந்தத் தொழிலில் யாரும் தன் பெயரைத் தானே செடிக்கு வைத்துக்கொள்வதில்லை. பெயர் வரவேண்டிய இடத்தை அவர் வெறுமையாக விட்டிருந்தார். அந்த இடத்தில் பூதக்கண்ணாடி அவருடைய பெயரையே எழுதிவிட்டாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள திருப்பி அனுப்பணும். கமா, புள்ளி தவிர ஒண்ணும் இருக்காது. இருந்தாலும் நீங்க ஒரு தடவை பாத்தா எனக்குத் திருப்தி."

பசையக்கா பார்த்தாள். இரண்டாம் பக்கத்தில் முழு உயரத்துக்கு ஒரு கோட்டோவியம். மெல்லிய தண்டு, உச்சியில் மூன்று பூ, தண்டின் நடுவில் ஐந்து ஆரம் வைத்த ஒரு சக்கரம். அந்தச் சக்கரத்தின் மேல் கண் விழுந்ததும் அவளுடைய வலது கைக்குச் சட்டென்று ஏதோ ஞாபகம் வந்தது. மனசுக்கு வருவதற்கு முன்னால் கைக்கு வந்தது.

"நல்லாருக்கு மேடம்" என்றாள். பிறகு கழுவின கையை மறுபடியும் போய்க் கழுவினாள்.

பைச்செடி என்றுதான் அவர்கள் வீட்டில் அதைச் சொல்வார்கள். அதற்கு வேரே கிடையாது. தண்ணீருக்கு அடியில் பச்சைப் பஞ்சு மாதிரி மிதந்துகொண்டிருக்கும். பஞ்சு முழுக்கக் கசகசா அளவில் பைகள். ஒவ்வொரு பைக்கும் ஒரு கதவு, கதவில் நாலைந்து முடி. பை தன் உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே தள்ளிவிட்டு, வயிறு ஒட்டிப்போய்க் காத்திருக்கும். நீர்ப்பூச்சி ஏதாவது தெரியாமல் அந்த முடியில் உரசினால் போதும், கதவு திறந்து, தண்ணீரும் பூச்சியுமாக உள்ளே இழுத்து, மூடிக்கொள்ளும். கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இவ்வளவு அட்டூழியமும் தண்ணீருக்குக் கீழே. மேலே, தனக்கு ஒன்றுமே தெரியாது என்பதுபோல, ஒரு தண்டை நீட்டி மஞ்சளாகப் பூத்து நிற்கும். "மேல பூ, கீழ வயிறு. நம்ம ஆபீஸ் மாதிரியே இல்ல?" என்பார் கணவர்.

ஊருக்கு வெளியே, சிமெண்டுக் கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கும் சதுப்பில் இரண்டு வகைப் பைச்செடி உண்டு. இரண்டும் மஞ்சள்தான். ஒன்றை அவர் நெட்டை என்பார். நீளமான தண்டு, பெரிய பூ, தண்டில் வேறொன்றும் இருக்காது. இன்னொன்று குட்டை. சின்னப் பூ, தண்டு தண்ணீரைத் தொடுகிற அடிப்பாகத்தில் கதிர் மாதிரி உப்பின மிதவைகள் வட்டமாக நீட்டிக்கொண்டிருக்கும். தண்டு சாயாமல் தாங்கிப்பிடிக்கிற சக்கரம் அது. இரண்டுக்கும் பெயர் வைத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கட்டுரையில் இருப்பது மூன்றாவது. தண்டும் பூவும் நெட்டையுடையவை. ஆனால் நடுத்தண்டில் சக்கரம். அதுதான் புதுசு. அது ஒன்றுதான் புதுசு.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அவர் கடைசியாக அந்தச் சதுப்புக்குப் போய் ஒரு வாளி நிறையச் செடியோடு வந்தார். வரும்போதே இருமல். மறுநாள் விடிவதற்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. அங்கேயும் "வாளி, வாளி" என்று உயிரை எடுத்ததால், அவள் காலையில் ஹெர்பேரியத்துக்கு வந்து வாளியைப் பிரித்தாள்.

நீர்ச்செடியை மற்றச் செடிபோல எடுத்து அழுத்த முடியாது. தண்ணீரைவிட்டு வெளியே வந்தால் நனைந்த தலைமுடி மாதிரி ஒட்டிச் சுருண்டுவிடும். அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி, செடியை மிதக்கவிட்டு, அடியில் தாளைச் செருகி, தூரிகையால் கிளை கிளையாகப் பிரித்து, தாளைச் சாய்வாக, மூச்சுக்கூட விடாமல் தூக்கவேண்டும். பசை வேண்டாம், அதன் வழவழப்பிலேயே அது தாளில் பிடித்துக்கொள்ளும். அன்று வாளியில் இருந்ததில் பூவோடு உருப்படியாக இருந்தது ஒன்றே ஒன்று. அதைத் தட்டில் விட்டபோது, பக்கத்தில் ஒரு சக்கரம் தனியாக மிதந்தது.

தூரிகை நுனியால் அதை அவள் நகர்த்தி வந்தாள். தண்டின் அடியில் வைக்க இடமில்லை, பஞ்சு குவிந்து கிடந்தது. நடுவில் வைத்தாள். பார்க்க லட்சணமாக இருந்தது. தாளைத் தூக்கினாள்.

இப்படித்தான் நடந்ததா? அல்லது சக்கரம் தண்டிலேயே இருந்து, தட்டில் விட்டபோது கழன்று, அதை இருந்த இடத்தில்தான் திருப்பி வைத்தாளா? திங்கட்கிழமை முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில் அவள் நடந்துகொண்டிருந்தாள். நடந்துகொண்டிருந்தாள் என்றால் நிஜமாகவே. பஸ் நிறுத்தத்தில் நிற்கமுடியாமல் அடுத்த நிறுத்தத்துக்கு நடந்தாள், அங்கேயும் நிற்கமுடியாமல் அதற்கடுத்ததற்கு. வீட்டுத் தெருவைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

வாசலில் கொழுந்தன் உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இரண்டு தெரு தள்ளி வீடு. அண்ணன் போனபிறகு தினமும் ஒரு நடை வந்து, தண்ணீர்க் குழாய் சொட்டுகிறதா, விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். பூதக்கண்ணாடி அவருக்கும் போன் பண்ணிவிட்டாள் போலிருக்கிறது. முகமெல்லாம் பல்.

"என்ன அண்ணி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை? பேர் சொல்ல ஒரு பிள்ளை இல்லையேன்னு எங்கம்மா கண்ணை மூடுற வரைக்கும் புலம்பினாங்க. இப்பப் பாருங்க, ஒரு செடி பேர் சொல்லப் போகுது. உலகம் பூரா! டிப்போவுக்குப் போய் எல்லாருக்கும் சொல்லிட்டு நேரா இங்க வரேன்."

"டிப்போவுக்கு எதுக்குத் தம்பி?"

"பின்ன? அங்க ஒருத்தன் பையன் டாக்டராம், ஒருத்தன் பையன் வெளிநாடாம். எத்தனை வருஷம் வாயை மூடிட்டுக் கேட்டிருப்பேன்? என் அண்ணன் பேர்ல செடி இருக்குடா, உங்க அப்பன் பேர்ல புல்லாவது இருக்கான்னு கேட்டுட்டேன்."

அவள் சிரித்தாள். சிரித்த வாயோடு அடுப்படிக்குப் போய், பாலை வைத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றுகொண்டு அதைப் பொங்கவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை நாலு தடவை அலமாரிக்குப் போனாள். ஒரு செடிக்குப் பெயர் வைக்க எந்தத் தாள் ஆதாரமோ அதைச் சிவப்பு உறையில் தனியாக வைப்பார்கள். உறையைத் திறப்பாள், பார்ப்பாள், மூடுவாள். காய்ந்தபிறகு எல்லாம் ஒரே பழுப்பு. பூவின் மஞ்சள்கூடத் தேநீர்க் கறை மாதிரி ஆகிவிட்டிருந்தது. சக்கரம் தண்டிலிருந்து முளைத்ததா, தண்டின்மேல் படிந்ததா என்று வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு சொட்டு வெந்நீர் விட்டு ஊறவைத்து ஊசியால் நெம்பினால் தெரிந்துவிடும். ஆனால் அது உலகத்திலேயே ஒரு தாள். அதன்மேல் தண்ணீர் விட அவளுக்கு அதிகாரம் இல்லை. போன பருவத்தில் பூதக்கண்ணாடி சதுப்பில் தேடியபோது தண்ணீரே வற்றிப்போய் ஒரு பூகூட இல்லை. அதனால் கட்டுரை முழுக்க இந்த ஒரு தாளின் தலையில் நிற்கிறது.

புதன்கிழமை ஒரு செடியைத் தலைகீழாக ஒட்டினாள். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை.

அதைப் பார்த்துவிட்டுப் பூதக்கண்ணாடி, "ரெண்டு நாள் லீவு எடுங்க அக்கா" என்றாள், நோயாளியிடம் பேசுகிற குரலில். எட்டு மாதமாக எல்லோரும் அவளிடம் அந்தக் குரலில்தான் பேசினார்கள். காய்கறிக்காரி, பக்கத்து வீட்டுக்காரி, வங்கியில் கையெழுத்து வாங்கியவன், எல்லோரும்.

வெளியே சொல்லமுடியாத இன்னொன்று இருந்தது. அதுதான் அவளைக் குடைந்தது. தாள் காய்ந்ததும், பத்தாம் நாள் அதை ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போனாள். கட்டிலில் பத்து நாளாகத் தானாக எழுந்து உட்காராத மனுஷன், லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். "ஏய், இது என்ன? சக்கரம் நடுவுல இருக்கு? இப்படியேவா இருந்துச்சு?"

"ஆமா" என்றாள்.

எழுந்து உட்கார்ந்த மனுஷனைப் பார்த்துக்கொண்டு வேறு எதைச் சொல்வது? அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாளா, நினைக்கவே இல்லையா, அதுவும் இப்போது நிச்சயமில்லை. அதற்குப் பிறகு பத்து மாதம் இருந்தார். பத்து மாதமும் அந்தச் செடியை எழுதினார்.

புதன்கிழமை இரவு கொழுந்தனுக்குப் போன் போட்டாள். "தம்பி, காலைல வண்டியை எடுக்க முடியுமா? சிமெண்டுக் கிடங்குக்குப் பின்னாடி ஒரு வேலை."

"எத்தனை மணிக்கு அண்ணி?"

"ஆறு. வெயில் ஏறினா பூ உதிர்ந்துடும்."

"அண்ணன் செடியைப் பாக்கவா?" குரலில் அப்படி ஒரு சந்தோஷம். அவள் "ம்" என்று மட்டும் சொன்னாள்.

சதுப்புக்குப் போகிற வழி முழுக்கக் கொழுந்தன் பேசிக்கொண்டே வந்தார். செடிக்கு ஒரு போட்டோ எடுத்துப் பெரிசாகப் போட்டு, சட்டம் போட்டு, ஒன்று தன் வீட்டில், ஒன்று அண்ணி வீட்டில், ஒன்று டிப்போவில். அவள் கதவின் கண்ணாடியை ஏற்றினாள், இறக்கினாள், ஏற்றினாள். "அண்ணி, அது உடைஞ்சா இந்த வண்டிக்கு வேற கிடைக்காது" என்றபிறகுதான் விட்டாள்.

இந்த வருஷம் தண்ணீர் இருந்தது. கரையிலிருந்து பார்க்கும்போதே தெரிந்தது, யாரோ மஞ்சள் காகிதத்தைக் கிழித்துத் தண்ணீர் முழுக்கத் தூவினமாதிரி. முழங்கால்வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு, தட்டும் தூரிகையுமாக அவள் இறங்கினாள். கொழுந்தன் கரையிலேயே நின்றுவிட்டார்.

"வாங்களேன் தம்பி, தட்டைப் பிடிக்க ஒரு ஆள் வேணும்."

"அட்டை இருக்குமா?"

"இருக்கும்."

"அப்ப நான் இங்கேர்ந்தே பிடிக்கிறேன்."

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினீங்க, ஒரு அட்டைக்குப் பயமா?"

"பஸ்ல டிக்கெட் எடுக்காம ஏறினா இறக்கி விட்ருவோம் அண்ணி. அட்டை அப்படி இறங்காது."

முதல் செடி நெட்டை, மொட்டைத் தண்டு. இரண்டாவது குட்டை, சக்கரம் அடியில். மூன்றாவது நெட்டை. நான்காவது, ஐந்தாவது. ஒவ்வொன்றையும் தட்டு நீரில் விட்டு, தண்டை அடியிலிருந்து நுனிவரை விரலால் தடவிப்பார்த்து, விட்டாள். இருபது, முப்பது. சேறு பூட்ஸைக் கவ்விக் கவ்வி விட்டது. நடுத்தண்டில் சக்கரம் இருக்கிற ஒன்று, ஒரே ஒன்று கிடைத்தால் போதும். கை செய்ததெல்லாம் தப்பில்லை என்று ஆகிவிடும். கை, தெரியாமலே, சரியானதைச் செய்திருக்கிறது என்று ஆகிவிடும். நாற்பது. வெயில் தோளில் ஏறியது. தொட்டால் பூக்கள் கழன்று தண்ணீரில் விழத் தொடங்கின.

அப்போதுதான் அதைப் பார்த்தாள். நாணல் புதரை ஒட்டி, மூன்று பெரிய பூ வைத்த நெட்டைத் தண்டு, அதன் நடுவில், தண்ணீருக்கு இரண்டு விரற்கடை மேலே, சக்கரம்.

"தம்பி!" என்று கத்தினாள்.

"அட்டையா?"

"இருக்கு தம்பி! இருக்கு!"

கொழுந்தன் செருப்போடு, கால்சட்டையோடு, அட்டையை மறந்து தண்ணீருக்குள் ஓடிவந்தார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்டின் கீழே கையைக் கொடுத்துத் தூக்கினாள். தட்டில் விட்டாள். சக்கரம் தண்டில் இருந்தது. தூரிகையால் மெதுவாகத் தொட்டாள். அது தண்டின் வழியே, விரலிலிருந்து மோதிரம் கழல்கிறமாதிரி, வழுக்கிக்கொண்டு மேலே வந்தது. பூக்களைத் தாண்டி வெளியே வந்து தனியாக மிதந்தது.

என்றோ செத்த ஒரு குட்டைச் செடியின் சக்கரம். தண்ணீரில் மிதந்துகொண்டிருந்த அதன் நடு ஓட்டை வழியாக இந்த நெட்டைத் தண்டு முளைத்து, தூக்கிக்கொண்டு வளர்ந்திருக்கிறது. அவ்வளவுதான்.

"என்ன அண்ணி, உடைச்சுட்டீங்களா?"

"இல்ல தம்பி. அது சேந்தே இல்ல."

தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை. சதுப்பிலேயே இப்படிச் செருகிக்கொள்கிறது என்றால், அவருடைய வாளியிலும் இப்படியே வந்திருக்கலாம். அப்படிச் சொல்லிவிடலாம். கட்டுரை போகும், ஆனால் அவள்மேல் பழி இல்லை. சதுப்பு செய்த தப்பு. யாருக்கும் தெரியாது. வண்டியில் ஏறும்வரை அந்த யோசனை கூடவே வந்தது. வண்டி மெயின் ரோட்டுக்கு வருவதற்குள் அதுவும் உட்காரமுடியாமல் நெளிய ஆரம்பித்துவிட்டது.

"வீட்டுக்கா?"

"ஹெர்பேரியத்துக்கு."

சேற்று பூட்ஸோடு மூன்றாவது மாடிக்கு வந்தவளைப் பார்த்துப் பூதக்கண்ணாடி எழுந்தாள். அச்சுப்படி மேஜைமேல் விரித்திருந்தது. ஓரத்தில் பென்சிலால் இரண்டு கமா.

"மேடம், அந்தச் சக்கரம் அந்தச் செடியோடது இல்ல. காலைல சதுப்புல பாத்தேன், ஒரு நெட்டைத் தண்டுல குட்டையோட சக்கரம் சும்மா செருகிட்டு நின்னுச்சு."

பூதக்கண்ணாடி நாற்காலியை இழுத்துப்போட்டாள். "உக்காருங்க அக்கா. தண்ணி குடிங்க. நான் ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்காதீங்க. துக்கம் இருக்கே, அதுக்குப் போக்கிடம் கிடையாது. எதையாவது புடிச்சுட்டுத் தொங்கும். அச்சாகப்போற நேரத்துல இப்படித் தோணுறது சகஜம். நாம அவரை மறுபடியும் அனுப்பிவைக்கிற மாதிரி இருக்கும்ல?"

"எனக்கு ஆறுதல் வேணாம் மேடம். ஒரு சொட்டு வெந்நீர் வேணும்."

"அது ஒரே தாள் அக்கா."

"அதனாலதான்."

பூதக்கண்ணாடி லென்ஸைப் பிடித்துத் திருகிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். பிறகு போய்க் கெட்டிலைப் போட்டாள்.

சிவப்பு உறையிலிருந்து தாளை எடுத்து நுண்ணோக்கியின் கீழே வைத்தார்கள். பசையக்காதான் தூரிகையைப் பிடித்தாள். சக்கரத்தின்மேல் ஒரு சொட்டு, அப்புறம் இன்னொன்று. நாலு நிமிஷம். பழுப்புக் கறை மெல்ல உப்பி, ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் இருந்த வடிவத்துக்கு வந்தது. ஐந்து மிதவையும் தெளிவாகத் தெரிந்தன. ஊசியை அடியில் கொடுத்தாள். ஒட்டின தபால்தலை கிளம்புகிறமாதிரி, ஓரம் ஓரமாக, சக்கரம் கிளம்பி வந்துவிட்டது. அதன் கீழே தண்டு வழவழவென்று ஓடியது. ஒரு தழும்பு இல்லை, முளைத்த தடம் இல்லை.

"நீங்க பாருங்க" என்று நகர்ந்தாள்.

பூதக்கண்ணாடி வெகுநேரம் பார்த்தாள். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தாலும் குரல் இன்னும் மிருதுவாகத்தான் இருந்தது. "சதுப்புல செருகிட்டு நின்னதைப் பாத்தேன்னு சொன்னீங்களே. வாளியிலயும் அப்படியே வந்திருக்கும். உங்க மேல தப்பு இல்ல அக்கா. யாரா இருந்தாலும் ஏமாந்திருப்பாங்க."

யோசனையை யாரோ வெள்ளித்தட்டில் வைத்து நீட்டுகிறார்கள். எடுத்துக்கொண்டால் போதும்.

"இல்ல மேடம். தட்டுல தனியா மிதந்துச்சு. நான்தான் எடுத்து வெச்சேன். பாக்க நல்லாருந்துச்சுன்னு நடுவுல வெச்சேன். அவர் கேட்டார், இப்படியேவா இருந்துச்சுன்னு. நான் ஆமான்னேன்."

"கேட்டாரா?"

"கேட்டார்."

"கேட்டும் ஆமான்னு சொன்னீங்களா?" பூதக்கண்ணாடியின் குரல் உடைந்து மேலே போனது. "அறிவு இருக்கா உங்களுக்கு? நேத்து வேலைக்குச் சேந்தவங்களா நீங்க? ஒரு இலை தனியா விழுந்தாக்கூடத் தனியாத்தான் வைக்கணும்னு என்னைப் போட்டு வறுத்தெடுத்தவங்க நீங்க! மூச்சு வாங்க முடியாம அந்த மனுஷன் அஞ்சு மிதவையையும் எத்தனை தடவை அளந்தார் தெரியுமா?"

"தெரியும். விளக்கைப் பிடிச்சது நான்தான்."

"விளக்கைப் பிடிச்சீங்க! விளக்கைப் பிடிச்சுட்டு வாயை மூடிட்டு நின்னீங்க! இது வெளிய வந்து, நாளைக்கு யாரோ ஒருத்தன் சதுப்புக்குப் போய்ப் பாத்து, அவர் பேரைச் சொல்லிச் சிரிக்கவா? காலத்துக்கும்?"

பக்கத்து அறைக்காரர்கள் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்கள். பசையக்கா நின்றுகொண்டே இருந்தாள். எட்டு மாதத்தில் யாரும் அவளிடம் குரலை உயர்த்தவில்லை. கணவர் இருந்தவரை வாரத்துக்கு மூன்று தடவை வாங்குவாள், காம்பு கோணல், சீட்டு சாய்வு, "செடி என்ன மணப்பொண்ணா, சோடிச்சு வைக்கிறதுக்கு?" திட்டு விழ விழ, மூன்று நாளாகத் தரையில் பாவாமல் இருந்த அவளுடைய கால் தரையில் பாவியது. கண்ணில் தண்ணீர் வந்தது, அதைத் துடைக்கவில்லை.

கத்தி முடித்து, பூதக்கண்ணாடியும் அழுதாள். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு உட்கார்ந்து, பத்திரிகைக்குக் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக நாலு வரி அனுப்பினாள்.

தாள் மிஞ்சியது. ஒட்டின தாளில் முன்னால் யார் என்ன எழுதியிருந்தாலும் அதைக் கிழிப்பதில்லை. தப்பென்று தெரிந்தால் அதற்குக் கீழே இன்னொரு சீட்டு ஒட்டுவார்கள். கணவரின் கையெழுத்துச் சீட்டு அப்படியே இருந்தது. கழன்ற சக்கரத்தைச் சின்னக் காகித உறையில் போட்டு ஓரத்தில் ஒட்டினார்கள். புதுச் சீட்டைப் பூதக்கண்ணாடி அவள் பக்கம் தள்ளினாள்.

"நீங்க எழுதுங்க."

"நானா? நான் ஒட்டுறவ மேடம்."

"கண்டுபிடிச்சது யாரு? எழுதுங்க. என்ன நடந்துச்சோ அதை."

அவள் எழுதினாள். தண்டும் பூவும் நெட்டை வகை. சக்கரம் குட்டை வகை. ஒட்டும்போது என்னால் தவறாகச் சேர்க்கப்பட்டது. பெயர், தேதி.

கீழே கொழுந்தன் வண்டியை நிழலில் போட்டுவிட்டு, கால்சட்டையைச் சுருட்டி, கெண்டைக்காலில் அட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். அவள் இறங்கிவந்து, வண்டியின் ஜன்னல் ஓரம் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். "ஆமா" சொன்னதையும் சொன்னாள். அவர் திட்டவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஓடாத வண்டிக்கு முன்னால் ரோட்டைப் பார்த்தார்.

"அப்ப அண்ணனுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது."

"தெரியாது."

"தெரியாமப் போனது நல்லதா, கெட்டதா அண்ணி?"

"தெரியல தம்பி."

"பத்து மாசம் சந்தோஷமா இருந்தார்ல."

"இருந்தார்."

அவர் தலையை ஆட்டினார். எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது. "டிப்போவுக்கு நான் போய்ச் சொல்லிக்கறேன். சிரிப்பானுங்க. சிரிக்கட்டும். ஏறுங்க, போலாம். நேத்துலேர்ந்து நீங்க ஒண்ணும் சாப்பிட்ட மாதிரி தெரியல."

அவள் கதவில் கையை வைத்தாள். திறக்கவில்லை.

"நீங்க போங்க தம்பி. எனக்கு நீர்ச்செடி அலமாரியைப் பாக்கணும்."

"இன்னிக்கேவா?"

"தட்டுல என்னென்ன தனியா மிதந்துச்சு, எதெதை எங்கெங்க நகத்தி வெச்சேன்னு யோசிச்சா ஒண்ணுகூட ஞாபகம் வரல. அறுநூத்துச் சொச்சம் தாள் இருக்கு. எல்லாம் என் கை."

"அறுநூறா!" என்றார். பிறகு வண்டியைவிட்டு இறங்கி, கதவைப் பூட்டி, ஈரச் செருப்பு சளக் சளக் என்று சத்தம் போட, படியேறினார். இரண்டாவது மாடியில் நின்று மூச்சு வாங்கி, இந்தக் கட்டடத்துக்கு லிப்ட் வைக்காதவன் எவனோ அவனைத் திட்டினார்.

அவள் அலமாரியிலிருந்து முதல் தாள்கட்டை இறக்கி மேஜைமேல் வைத்து நூலை அவிழ்த்தாள். மேல் தாளில் ஒரு நீர்க்கொடி, இலைகள் விசிறிபோல விரிந்து, ஒன்றின்மேல் ஒன்று படாமல், அளந்து வைத்ததுபோல் இருந்தது.

கொழுந்தன் தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்தார். "இதுக்கு என்ன அண்ணி? அழகாத்தானே இருக்கு?"

"ஆமா தம்பி" என்றாள். "அதான் முதல்ல இதைப் பாக்கறேன்."

விளக்கைக் கிட்டே இழுத்து, காம்புகளை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினாள்.